இருபத்தெட்டாவது முறுக்கு

கராஜ் கதவிலிருந்து கழற்றிப் போட்ட பழைய ஸ்பிரிங் தரையில் கிடந்தபடியே டிக், டிக் என்று முறுகியது. இரண்டாக உடைந்து இழுவையெல்லாம் போன வெறும் சுருள் அது. ஜவாத் அதைக் காலால் மூலைக்குத் தள்ளினார். இரும்புகூடத் தன்னைப் பயமுறுத்தப் பார்க்கிறதே என்று சிரிப்பு வந்தது.

கராஜ் கதவு வேலை செய்யும் காலிதீன், புது ஸ்பிரிங்கைக் கதவுக்கு மேலிருந்த தண்டில் மாட்டிவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டான். போகும்போது ஒரு புத்திமதி வேறு.

"ஹாஜியார், முறுக்கிற வேலையத் தொட்டிராதீங்க. ரெண்டு கம்பி வேணும். ஒண்ட எடுக்கக்குள்ள மத்தது ஓட்டைக்குள்ள இரிக்கணும். கை நழுவினா மொகத்துலதான் வந்து அடிக்கும்."

எட்டாம் வகுப்புத் தாண்டாதவன், கட்டாரில் முந்நூறு பேரை மேய்த்த ஜவாதுக்குப் பாடம் எடுக்கிறான். மனைவி சுல்பிகாவும் அவன் பக்கம்தான் கதைத்தாள். அவளை நிந்தவூரில் உம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டு, வீட்டுப்பக்கக் கதவைத் தாழிட்டார். தனியாக முறுக்கிக் காட்டினால் அந்த மடையன் வாயடைத்துப் போவான். ஒரு கம்பியை அவன் வேண்டுமென்றே கையோடு கொண்டுபோயிருந்தான். அதனால் என்ன, பெரிய ஸ்குறூ டிறைவர் போதும்.

கரண்ட் இல்லை. கிரீஸும் டயரும் பூனை மூத்திரமும் கலந்த வெக்கை மூக்கை அடைக்க, வெளியே ஆட்டோச் சத்தமும் மீன்காரனின் ஹோனும் ஒவ்வொன்றாக ஓய்ந்து, ஆண்கள் எல்லாரும் பள்ளிக்குப் போய்விட்ட தெருவின் அமைதி கதவுத் தகட்டை ஒட்டி நின்றது. ஏணியில் ஏறினார். கால்வாசிச் சுற்றாக முப்பது தடவை முறுக்க வேண்டும். ஒவ்வொரு முறுக்குக்கும் ஸ்பிரிங் முனகியது.

இருபத்தெட்டாவதில் ஸ்குறூ டிறைவர் வளைந்து, நழுவி, கீழே விழுந்தது.

ஸ்பிரிங்கின் முழுப் பாரமும் ஒற்றைக் கம்பியில் வந்தது. இரண்டு கையாலும் பிடித்தார். இறங்க முடியாது. விட முடியாது. கம்பியின் நுனி அவர் தாடைக்கு நேரே. ஆட்களைக் கூப்பிட்டார். யாரும் இல்லை. தேவைக்கு உதவாத ஊர். உள்ளங்கை வழுக்கியது. ஜவாத் முதல் தடவையாகப் பயந்தார்.

அப்போது எதிர்ப்பக்கமிருந்து இரண்டு கைகள் வந்து கம்பியைப் பிடித்தன.

பாரம் குறைந்தது. அழுகை வரும்போல இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"இப்பதான் வாறியா? ஒனக்கெல்லாம் ஒரு தொழில்."

ஆளைப் பார்க்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. கூலிக்காரன்தானே, பிடிக்கட்டும். மரத்துப்போன வலக்கையை எடுத்து முகத்தைத் துடைத்தார். இடக்கையும் தளர்ந்தது.

வெளியே தகட்டில் தட்டும் சத்தம்.

"ஹாஜியார், காலிதீன். ஜும்ஆ முடிஞ்சிட்டு. கதவத் தொறங்க."

ஜவாத் நிமிர்ந்து பார்த்தார். தண்டுக்குப் பின்னால் சுவர். நடுவில் ஒரு சாண்கூட இடமில்லை. அந்த இடத்திலிருந்துதான் கைகள் நீண்டிருந்தன.

கம்பியைப் பற்ற முயன்றார். விரல்கள் மடங்கவில்லை.

எதிரே ஒரு சுண்டுவிரல் கம்பியை விட்டு மெதுவாக எழும்பியது.

பிறகு அடுத்தது.