மின்மினிக்கு ஒரு செவிச்சில்லு

நிலாக் குடியிருப்பில் குழந்தைக்கு ஐந்து வயது முடிந்ததும் காது குத்துவார்கள். கம்மல் போட அல்ல, முன்னோடியைக் குடிவைக்க. தாய்மாமன் மடியில் உட்காரவைத்து, செவியாளன் என்ற இயந்திரம் காதுமடலுக்குப் பின்னால் அரிசியளவு சில்லு ஒன்றைப் பதிக்கும். அன்று முதல் ஆயுள் முழுக்க, கண் விழித்ததும் முன்னோடி இரண்டு நிமிடம் ஊக்கமாகப் பேசுவார். அதைக் கேட்காமல் அங்கே யாரும் பல்கூடத் துலக்குவதில்லை.

முன்னோடிகள் இருவர். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் கோயம்புத்தூரில் ஒரே தெருவில் எதிரெதிரே பட்டறை போட்டவர்கள்: கனகசபாபதி, தவசியப்பன். ஒருவர் ஓர் இயந்திரத்தைப் பேசவைத்தால், மற்றவர் ஆறே மாதத்தில் தன்னுடையதைப் பாடவைப்பார். குடியிருப்பில் பாதிப்பேர் கனகர் கட்சி. மீதிப்பேர் தவசி கட்சி.

திருமூர்த்தி பரம்பரைக் கனகர் கட்சி. அவருடைய தங்கை பொன்னரசி வாழ்க்கைப்பட்டதோ தவசி குடும்பத்தில். அவள் மகள் மின்மினிக்கு வெள்ளிக்கிழமை சடங்கு. எந்தச் சில்லு என்பதில் வீடு இரண்டுபட்டுக் கிடந்தது.

“தவசி சில்லுன்னா என் மடி கிடையாது” என்று சொல்லிவிட்டார் திருமூர்த்தி.

“அண்ணா, நீ மடி குடுக்கலேன்னா சடங்கே இல்ல. அப்புறம் இந்த வாசப்படிய எந்த முகத்த வெச்சுட்டு மிதிப்பே? நானும்தான் எப்படி அங்க வருவேன்?” என்றாள் பொன்னரசி.

திருமூர்த்தி குரல் காப்பகத்தில் வேலை செய்பவர். முன்னோடிகளின் வெட்டப்படாத மூல ஒலிப்பதிவுகள் அங்கேதான் இருந்தன. சுருக்கிய சில்லே போதும் என்பதால் நூறு ஆண்டுகளாக அவற்றை யாரும் தொட்டதில்லை. தம் ஆளே பெரியவர் என்று நிரூபித்துவிட்டால் தங்கை மாப்பிள்ளை வாயடைத்துப் போவார் அல்லவா? “முருகா, நீதான் காட்டணும்” என்று நெற்றியில் திருநீறு இட்டுக்கொண்டு பதிவைத் திறந்தார்.

தினமும் காலையில் அவர் காதில் ஒலிக்கும் அதே வாசகம் வந்தது. “நாளைக்கு ஜெயிச்சே ஆகணும்!” ஆனால் அதற்கு முன்னும் பின்னும் இன்னொரு குரல் இருந்தது. அது ஒரு தொலைபேசி உரையாடல்.

“சாப்பிட்டாச்சுங்களா தவசி?”

“எங்கீங்க. நாளைக்கு அறிமுக விழா, பட்டறைல கரண்டு போயிருச்சு.”

“நம்ம லைன்ல இருந்து ஒயர் இழுத்துக்குங்க. நாளைக்கு ஜெயிச்சே ஆகணும்! நீங்க ஜெயிச்சாத்தானே அடுத்து என்ன பண்றதுன்னு எனக்கு யோசனை வரும்.”

“போன மாசம் நீங்க காய்ச்சல்ல கெடந்தப்ப எனக்கும் ஒண்ணும் ஓடலீங்க. அதான் கஞ்சிய தூக்கிட்டு ஓடியாந்தேன்.”

திருமூர்த்தி எழுந்து நின்றார். கைகள் தாமாகக் குவிந்தன. ஊர் முழுக்க ஊக்கம் தேடிக் காதைக் குத்திக்கொள்ள, அந்த இருவரும் அதை எதிர்ப்பட்டறையிலிருந்தே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்!

வெள்ளிக்கிழமை அவர் எந்த மறுப்பும் சொல்லாமல் மின்மினியை மடியில் வைத்துக்கொண்டார். செவியாளன் ஊசியைத் தூக்கியதும் கையமர்த்தி, பதிவை எல்லோரும் கேட்க ஓடவிட்டார். பொன்னரசி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை குழந்தைவேல் வந்து மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பாத்தீங்களா மச்சான், கஞ்சி கொண்டுபோனதுதான் மொதல்ல. எங்க தவசிதான் ஆரம்பிச்சு வெச்சிருக்காரு” என்றார் குழந்தைவேல்.

திருமூர்த்தி சிரித்தார். “கஞ்சி யாரு வேணா குடுக்கலாம் மாப்ள. எதிரி ஜெயிக்கட்டும்னு கரண்டு குடுக்கறதுக்கு ஒரு அடக்கம் வேணும். அது எங்க ஆளுக்குத்தான்.”

“அடக்கமா? அத நீங்களே சொல்லிக்கறீங்களே!”

“அண்ணா, போதும் விடு” என்றாள் பொன்னரசி. யார் காதிலும் விழவில்லை. கனகர் வீட்டார் ஒருபுறம், தவசி வீட்டார் மறுபுறம் திரண்டார்கள். யார் அதிகம் விட்டுக்கொடுத்தவர் என்பதில் ஒருவரும் ஓர் அங்குலம் விட்டுக்கொடுக்கவில்லை.

மின்மினி மடியிலிருந்து நழுவி இறங்கினாள். காலையிலிருந்து ஊசியும் கையுமாக நின்ற செவியாளனிடம் போய், தட்டிலிருந்த வெல்லப் பச்சரிசியை நீட்டினாள்.

“நீ சாப்பிட்டியா?”

“எனக்குப் பசிக்காது பாப்பா. நூத்திநாப்பது சடங்குக்குப் போயிருக்கேன், யாரும் கேட்டதில்ல” என்றது அது. “உனக்கு எந்தச் சில்லு வைக்கட்டும்?”

“வலிக்குமா?”

“கொஞ்சம்.”

“அப்ப வேண்டாம்.”

செவியாளன் ஊசியை உறைக்குள் போட்டுக்கொண்டது.

செய்தி பரவியது. பத்தே நாளில் குடியிருப்பின் பெரிய கடையில் இரண்டு புதிய சில்லுகள் வந்து இறங்கின: ‘கனகரின் அடக்கம்’, ‘தவசியின் கருணை’. அதிகாலையிலேயே இரண்டு வரிசைகள் நின்றன. ஒன்றில் திருமூர்த்தி, இன்னொன்றில் குழந்தைவேல். இடையில் ஒரே ஒரு கயிறு. இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.

கடை திறக்க வெகுநேரம் ஆயிற்று. இருவர் பல்லிலும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படவில்லை. கயிற்றைத் தாண்டி “சாப்பிட்டாச்சுங்களா?” என்று யாரும் கேட்கவும் இல்லை.