குப்பம்மாள் ஏற்றிய பாவு

திருத்தணி மலைக்குக் கீழே, அரக்கோணம் சாலையில் நாகேந்திரனின் மெக்கானிக் ஷெட். கஜபதி அங்கே வந்து சேர்ந்தபோது வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. பழைய பிக்கப் வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. அம்மையார்குப்பத்துப் புடவை மூட்டைகளைப் பத்து வருடம் சுமந்ததில் அதற்கும் இடுப்பு விட்டுப் போயிருந்தது.

கஜபதி துணிப்பையைக் கவிழ்த்தார். இரண்டு இரும்புப் பூட்டுகள், நாலு விரல் அகலத்தில் அரக்கு நிறப் பட்டைகள்.

"இன்னா மாமா, வண்டி ஓட்டப் போறியா, ஏரோப்ளேன் ஓட்டப் போறியா?" என்று சிரித்தான் நாகேந்திரன். எண்பத்து நாலாம் வருடம் அது. அந்தப் பக்கம் சீட் பெல்ட்டைக் கண்ணால் கண்டவர்களே கிடையாது.

"எம் பொண்ணு சந்திரா நாளைக்கு மெட்ராஸ்லேர்ந்து வர்றா. ஏழு மாசம். இதுலதான் கூட்டினு போணும்."

நாகேந்திரன் சிரிப்பை விழுங்கினான். போன ஆடியில் ஏரிக்கரைத் திருப்பத்தில் இதே வண்டியின் கதவு திறந்துகொண்டதில்தான் கஜபதியின் மனைவி குப்பம்மாள் வெளியே விழுந்து செத்தாள். வண்டி மரத்தில் மோதி இவருக்குக் கால் உடைந்தது. அவளுக்குக் கொள்ளி வைத்தபோது இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

பூட்டுகள் மெட்ராஸ் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைத்திருந்தன. பட்டைக்குச் சொன்ன விலையைக் கேட்டதும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. தறிக்காரன் துணிப்பட்டையை விலைக்கு வாங்குவதா? வீட்டுக்கு வந்து குப்பம்மாளின் தறியிலேயே நெய்துவிட்டார். நீளவாக்கில் அவள் இழுத்துக் கட்டிய பாவு நூல் அதில் பாதியில் நின்றிருந்தது. நாலு இழையை ஒன்றாகச் சேர்த்து, கெட்டியாக அடித்து நெய்தார்.

அதைப் பார்த்து அவள் தம்பி கோதண்டம் வெளிறிப் போனான்.

"பாவா, அது அக்கா ஏத்தின பாவு. நீ உன் கையால அறுத்து சிதையில போட்டிருக்கணும். அதுல நெய்யாதே."

அவர்கள் குடும்பத்தில் அப்படித்தான் வழக்கம். நெய்கிறவர் பாதியில் போனால் பாவும் கூடவே போக வேண்டும்.

"நல்ல நூலுடா. எதுக்கு வீணாக்கணும்?" என்றார் கஜபதி. ஒரு வருடமாக அந்தப் பாவை அறுக்க மனம் வராததுதான் நிஜம். அதை அவனிடம் சொல்ல முடியுமா?

நாகேந்திரன் வண்டித் தரையில் துளை போட்டு, பிய்த்துக்கொண்டு வராதபடி அடியில் கனத்த தகடு வைத்து போல்ட்டை முறுக்கினான். இரண்டு ஆள் இழுத்தும் பட்டை அசையவில்லை. கதவுப் பூட்டையும் புதிதாக மாற்றினான்.

கஜபதி தனியாக ஊர் திரும்பினார். ஆள் நடமாட்டமில்லாத சாலை. ஒரு வருடமாக அந்த வண்டியில் அவர் யாரோடும் பேசியது கிடையாது.

டக்.

திரும்பிப் பார்த்தார். பக்கத்து சீட்டில் பெல்ட் பூட்டிக்கொண்டிருந்தது. சீட்டில் யாரும் இல்லை.

ஆனால் பட்டை தொய்ந்து கிடக்கவில்லை. ஓர் இடுப்பைச் சுற்றி வளைந்து நின்றது. அரிசிக் கஞ்சி வாடை வந்தது. பாவுக்குக் கஞ்சி போட்ட கையோடு குப்பம்மாள் சோறு பரிமாற வருவாளே, அந்த வாடை.

பயப்பட வேண்டியவர் பயப்படவில்லை. அழுகைதான் வந்தது.

"குப்பு, நாளைக்கு நம்ம பொண்ணு வர்றா" என்றார். அப்புறம் வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வந்தார்.

மறுநாள் பத்து மணிக்கு ரயிலைவிட்டு இறங்கிய சந்திராவை வண்டியில் உட்கார வைத்து, வயிற்றுக்குக் கீழே பதமாகப் பட்டையைப் பூட்டினார்.

"இன்னா நைனா இதெல்லாம்?"

"இருக்கட்டும்மா."

ஏரிக்கரைத் திருப்பம் வந்தது. புதுப்பூட்டுப் போட்ட கதவு விரியத் திறந்துகொண்டது. சந்திரா அலறினாள். பெல்ட் அவளைப் பிடித்து நிறுத்தியது. கஜபதி பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தி, மலையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"நைனா, இறுக்குது."

பட்டை கொஞ்சம் கொஞ்சமாக அவள் இடுப்பில் அழுந்திக்கொண்டிருந்தது.

பூட்டு திறக்கவில்லை.

"விடுடி குப்பு! உன் பொண்ணுடி!"

கஞ்சி வாடை குப்பென்று ஏறியது. சந்திராவுக்கு மூச்சு முட்டியது. கஜபதி சீட்டுக்கடியில் கிடந்த கத்தியை எடுத்து, ஒரு வருடம் முன்பே அறுத்திருக்க வேண்டிய பாவை இப்போது அறுத்தார். இழைகள் ஒவ்வொன்றாகத் தெறித்தன.

சந்திரா மறுபடி வண்டியில் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். பின்னால் வந்த டவுன் பஸ்ஸை நிறுத்தி அவளை ஏற்றிவிட்டு, பஸ்ஸுக்குப் பின்னாலேயே வண்டியை ஓட்டினார். வண்டிக்குள் வாடை இல்லை. பக்கத்து சீட் வெறுமனே இருந்தது. அவருக்கு நிம்மதியாக இருக்க வேண்டும். நெஞ்சுதான் காலியாகிப் போனது.

அம்மையார்குப்பத்தில் பஸ் நின்றது. சந்திராவின் மூட்டையைத் தூக்க, கோதண்டம் வண்டியை எதிர்பார்த்து அங்கே நின்றிருந்தான். எல்லோரும் இறங்கினார்கள், சந்திரா மட்டும் இறங்கவில்லை. கஜபதி பஸ்ஸுக்குள் ஏறினார்.

"எழுந்திரிக்க முடியல நைனா" என்றாள் அவள்.

அவள் மடியில் புடவைக் கொசுவம் நாலு விரல் அகலத்துக்கு அழுந்திக் கிடந்தது. அதன் மேல் ஒன்றுமே இல்லை.

பஸ்ஸில் ஏது பெல்ட்?

கஜபதி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த வெறும் இடத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "தனியா இருக்க முடியலியா குப்பு? எனக்கும் முடியல. அவள விட்டுடு. எங்கிட்ட வா."

கொசுவம் மெல்ல எழும்பியது. சந்திரா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அழுதபடியே இறங்கினாள். கோதண்டம் அவளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு, "பாவா, வா!" என்று ஜன்னல் வழியே கூப்பிட்டான்.

கண்டக்டர் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். "பெரியவரே, எறங்கலையா?"

கஜபதி குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார். நாலு விரல் அகலத்துக்கு அது அழுந்தத் தொடங்கியிருந்தது. பிறகு ஜன்னலோரம் கொஞ்சம் இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"கடைசி ஸ்டாப்புக்கு ரெண்டு டிக்கெட் குடுங்க" என்றார்.