சுண்டெலிக்கு வயிறு சரியில்லை

அந்த வெள்ளைச் சட்டையை அவன் அன்றைக்குத்தான் முதன்முதலாக உடுத்தியிருக்க வேண்டும். கடையில் மடித்த மடிப்புகூட இன்னும் கலையவில்லை. அதன் மேல்தான்... போயும் போயும் அதன் மேல்தான், மகாராணி தன் வயிற்றில் இருந்ததையெல்லாம் இறக்கி வைத்தாள்!

"ஐயையோ!" என்று அலறி எழுந்தாள் கணக்கு டீச்சர்.

கால்நடை மருத்துவமனையின் காத்திருப்பு அறையே மூக்கைப் பொத்திக்கொண்டது. கூடையில் சுருண்டு கிடந்த பூனைக்குட்டி எப்போது துண்டை விலக்கியது, பக்கத்து நாற்காலிக்காரன் மடிக்கு எப்போது தாவியது... அவளுக்கு ஒன்றுமே புரியவில்லை. விலங்குகள் காப்பகத்திலிருந்து தத்தெடுத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வந்த மறுநாளே வயிற்றுப்போக்கு. முந்தாநாள் வரை பந்தாக உருண்டு விளையாடியது, இன்றைக்குத் தலையைத் தூக்கவே யோசிக்கிறது.

"சாரி சார்... ரொம்ப சாரி... சட்டைய குடுங்க, நான் துவைச்சு..."

அவன் சட்டையைப் பார்க்கவே இல்லை. குட்டியை இரண்டு கைகளாலும் ஏந்தி, முகத்துக்கு நேராகத் தூக்கினான். அவன் கண்கள் அகல விரிந்தன.

"ஏய்... சுண்டெலி! நீயா? என்ன இப்படி இளைச்சுப் போயிட்ட?"

குட்டி மெலிதாக ஒரு 'மியாவ்' சொன்னது. இவளிடம் இரண்டு நாளாகச் சொல்லாத மியாவ்!

"சுண்டெலியா? பூனைக்கு யாராவது எலின்னு பேர் வைப்பாங்களா? அவ பேர் மகாராணி."

"உங்க வீட்ல மகாராணி. எங்க கடையில சுண்டெலி" என்று சிரித்தான். "கடைக்குப் பின்னாடி மழைத்தண்ணிக் குழாய்க்குள்ள மாட்டிக்கிட்டு கத்திக்கிட்டு இருந்துச்சுங்க. உள்ளங்கையில பாதிதான் இருந்துச்சு. நான்தான் எடுத்து, தேத்தி, காப்பகத்துல விட்டேன்."

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். காப்பகத்து நாய்களைக் காயத்துக்குக் கட்டு மாற்ற அழைத்து வருவதும் அவன்தானாம். அன்றைக்கும் ஒரு கிழட்டு நாய் அவன் காலடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது. அவள் நீட்டிய ஈரத்துணியை வாங்கி, முதலில் குட்டியின் வாலைத் துடைத்தான். பிறகு தரையை. சட்டை கடைசியில்தான் ஞாபகம் வந்தது. 'எவ்வளவு பதமான விரல்... சே, இதையெல்லாம் எதுக்குப் பாக்கறேன்?' என்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள் டீச்சர்.

அத்தோடு அவன் வாயை மூடிக்கொண்டிருக்கலாம்.

"தப்பா எடுத்துக்காதீங்க... வாடைய வெச்சுச் சொல்றேன், வீட்ல யாரோ இதுக்குப் பால் குடுக்கறாங்க."

டாக்டரம்மாவும் உள்ளே அதையேதான் சொன்னார். பால் குட்டிக்குச் செரிக்கவில்லை, நிறுத்துங்கள், இன்னும் தளர்ந்துபோனால் காப்பகத்திலேயே வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்று. வெளியே வந்தவளுக்கு முகம் சிவந்திருந்தது. கரும்பலகையில் தப்பான விடை எழுதியே பழக்கமில்லாதவள் அவள்!

"வீட்ல நானும் அப்பாவும்தான். நான் சொட்டுப் பால் குடுக்கல. அப்பாவுக்குப் பூனைன்னாலே ஆகாது. அது உள்ள வந்தா நான் வெளிய போயிடுவேன்னு சொன்னவரு. எங்க வீட்ல யாராவது பால் குடுத்திருந்தா, கூடையோட கொண்டுவந்து உங்க கையிலயே குடுத்துடறேன். போதுமா?"

"நான் அப்படிக் கேக்கலையே..."

"நான் சொல்றேன்!"

மறுநாள் மழை பிடித்துக்கொண்டதால் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டார்கள். செருப்பை வாசலில் கழற்றும்போதே அடுப்படியில் பேச்சுக்குரல் கேட்டது.

"குடி தங்கம்... மெதுவா... உங்கக்கா வர்றதுக்குள்ள குடிச்சிடு. அவளுக்குத் தெரிஞ்சா நம்ம ரெண்டு பேருக்கும் சோறு கிடையாது."

ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற அந்தப் பெரிய மனிதர், தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தட்டில் பாலை ஊற்றிக்கொண்டிருந்தார். மகளைப் பார்த்ததும் தட்டைக் காலால் மறைக்கப் பார்த்தார்.

"அப்பா!"

"அது... காலச் சுத்திச் சுத்தி வந்து கத்துச்சும்மா. நீ போடற தீனி உருண்டை பத்தலையோன்னு..." அவர் தட்டை ஓரமாகத் தள்ளினார். "உங்கம்மா போனதுக்கப்புறம் இந்த வீட்ல என்னைய யாரும் இப்படித் தேடி வந்ததில்லம்மா."

அவளுக்குக் கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது. பால் ஏன் ஆகாது என்று சொன்னபோது, அவர் தன் தலையிலேயே அடித்துக்கொண்டார். ஆனால் சொன்ன சொல்? ஊரறிய வாய்விட்டுச் சொல்லியாயிற்றே... கூடையை எடுத்தாள். வாக்குக் கொடுத்ததை அப்பாவிடம் சொன்னாள். அவர் குட்டியின் நெற்றியை ஒரு விரலால் தடவிவிட்டு உள்ளே போய்விட்டார்.

கண்ணாடிக் கடைக்குள் அவள் நுழைந்தபோது, அவன் கண்ணாடிச் சட்டத்தின் திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தவன் கை அப்படியே நின்றுவிட்டது. உச்சி முதல் பாதம் வரை தண்ணீர் சொட்டியது அவளுக்கு. குடை முழுவதும் கூடைக்கு மேல்.

"பால் குடுத்தது எங்கப்பா" என்றாள், மூச்சு வாங்க. "நீங்க சொன்னதுதான் சரி. நான் சொன்னபடி கொண்டுவந்துட்டேன்... வாங்கிக்குங்க."

"ஏங்க... பாலை நிறுத்தினாலே போதுமே. அதுக்காக யாராவது..."

"சொன்னா சொன்னதுதான். அப்பாவுக்கு உயிரே போயிடும்... ஆனா நான் சொல்லிட்டேன்." கண்ணீரையும் மழைத்தண்ணீரையும் சேர்த்துத் துடைத்தாள். "வாங்கிக்குங்க சீக்கிரம்... இல்லன்னா என்னால குடுக்க முடியாது."

அவன் ஒரு நொடி அவளையே பார்த்தான். பிறகு கடைக்கு வருகிறவரிடம் காட்டும் மரியாதையோடு எழுந்து, கூடையை இரண்டு கையாலும் வாங்கினான்.

"சரி. வாங்கிட்டேன். உங்க வாக்கு நிறைவேறியாச்சு. இப்ப குட்டி யாருது?"

"...உங்களுது."

"அப்ப நான் யாருக்கு வேணும்னாலும் குடுக்கலாம் இல்லையா? இத உங்கப்பாவுக்குக் குடுக்கறேன். அவர்கிட்ட சேத்துடுங்க. பால் மட்டும் வேண்டாம்னு நான் சொன்னதா சொல்லுங்க."

கூடை மறுபடியும் அவள் கைக்கே வந்துவிட்டது.

அவள் கூடையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எத்தனை பேரைப் பார்த்திருக்கிறாள்... 'நான்தான் அப்பவே சொன்னேனே' என்று குத்திக்காட்டாத ஒருவரைப் பார்த்திருக்கிறாளா? இவன் ஜெயித்தும் இருக்கிறான், இவளைத் தோற்கவும் விடவில்லை. குட்டிக்கு வால் துடைத்த அதே பதம், மனுஷர் மனசைத் தொடும்போதும் இருக்கிறதே... நேற்று முழுக்க இவனைத் திட்டியதாகத்தான் நினைத்திருந்தாள். திட்டவில்லை. நினைத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறாள்.

"தலைய துவட்டிக்குங்க" என்று துண்டை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"அப்பாவுக்குக் குட்டியக் குடுத்துட்டீங்க... எனக்கு?"

"உங்களுக்கு... என்ன வேணும்?" நாள் முழுக்க வருகிறவர் போகிறவர் கண்ணையெல்லாம் உற்றுப் பார்ப்பவன், இப்போது மேஜையைப் பார்த்தான்.

எதையும் பாதியில் விட அவளுக்குத் தெரியாது.

"நீங்க" என்றாள். "நீங்கதான் வேணும்."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவன் மெல்ல நிமிர்ந்தான். கண் நிறைந்திருந்தது, உதடு சிரித்தது.

"அத நேத்தே குடுத்துட்டேங்க... கோவத்துல நீங்கதான் கவனிக்கல."