நகராத பெயர்

காலை 10.20. தோணிரேவு மீனவர் சங்க அலுவலகம். முகத்துவாரத்தில் மூழ்கி இறந்த சடையனின் படகுக்கு வாரிசாக அவர் மனைவி அனிதாவின் பெயர் கணினித் திரையில் இல்லை. அந்த இடத்தில் சடையனின் தம்பி ரஞ்சித்குமாரின் பெயர் இருந்தது.

சங்கத்தின் கணினி வேலையைப் பார்ப்பவனும் அவன்தான். அவனுக்காக அனிதா கொண்டுவந்த சாப்பாட்டுத் தூக்கு மேசைமேல் இருந்தது.

“மெஷின் தப்பு அண்ணி.”

விசாரிக்க வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் மனோரமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். போலீசுக்கு வரும் முன் ஒரு வங்கியின் மெயின்ஃப்ரேம் என்ற பெரிய மையக் கணினியில் வேலை பார்த்தவர்.

“இன்னா தப்பு?”

“நாங்க கமா போட்டுப் பிரிச்சு ஃபைல் அனுப்புவோம் மேடம். சென்னை ஆபீஸ் மெயின்ஃப்ரேம்ல கமாவை எடுத்துட்டு, ஒவ்வொரு விவரத்தையும் அளவு மாறாத கட்டத்துல போடுவாங்க. வாரிசு, தொடர்பு ஆள், ஊர், போன்னு வரிசை. அண்ணி பேரும் அந்தக் கமாவும் எப்படியோ விட்டுப்போச்சு. தொடர்பு ஆளா இருந்த என் பேரு ஒரு கட்டம் முன்னாடி வந்துடுச்சு.”

“நடக்கும். நானே பார்த்திருக்கேன்.”

அனிதாவின் முகம் தெளிந்தது. “நான்தான் அப்பவே சொன்னேனேம்மா. இவன் நான் சோறு போட்டு வளர்த்த புள்ள.”

மனோரமா திரையை அவள் பக்கம் திருப்பினார். “ஏரியில வலை போட ஆளுக்கு ஒரு இடம்னு வரிசையா பாடு வைக்கிறீங்களே, ஒருத்தர் வரலைன்னா?”

“அடுத்தவங்க அந்த இடத்துக்கு வருவாங்க. அவங்க இடத்துக்கு அதுக்கும் அடுத்தவங்க. எல்லாரும் நகரணும், கடைசி இடந்தான் காலியா கெடக்கும்.”

“இங்க படிங்க. தொடர்பு ஆள் யாரு?”

அனிதா விரல் வைத்துப் படித்தாள். “ரஞ்சித்குமார். ஊர், தோணிரேவு. அப்புறம் போன் நம்பர்.” விரல் மெல்ல மேலே திரும்பிப் போனது. “இவன் பேரு முன்னாடி போச்சுன்னா, இங்க ஊர் பேருல்ல வந்திருக்கணும்?”

“யாருமே நகரலை. ஒரே ஆளு ரெண்டு பாடு இடத்துல நிக்கிறாரு. உங்க பேரை அழிச்சிட்டு அங்க இவர் பேரை அடிச்சிருக்கு.” மனோரமா ரஞ்சித்குமாரைப் பார்த்தார். “அனுப்பின ஃபைலைத் தொற. கமாவை எண்ணிப் பார்ப்போம்.”

அவன் கை மவுஸ் பக்கம் போகவில்லை.

“அண்ணன் படகு வெளியாளுக்குப் போயிடக் கூடாதுனுதான் அண்ணி...”

“யாருடா வெளியாளு?”



“கேஸ் எழுதட்டுமா?” என்றார் மனோரமா.

அனிதா தூக்கை எடுத்துக்கொண்டாள். மூடி இன்னும் சூடாக இருந்தது.

“எழுதுங்கம்மா.”