கவலைக்கால்

தென்னை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. கூரைமேல் காற்றாடி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

திருமூர்த்தி வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தான். எரிச்சலாக வந்தது. பைக்காரா மின்சாரம் பக்கத்துக் கணபதி ஊர் வரை வந்தும் அவன் தோட்டத்துக்கு வரவில்லை. மனுப் போட்டுப் போட்டு அலுத்துத்தான் பம்பாயிலிருந்து காற்றில் மின்சாரம் எடுக்கும் இந்த யந்திரத்தை வரவழைத்தான். ஆடிக்காற்று கூரை ஓடுகளைப் பிய்த்தெறிந்தபோது அது அசையவே இல்லை. எண்ணெய் விட்டான், இறக்கையைக் கழற்றி மாட்டினான், பாட்டரியை மாற்றினான். ஒன்றும் நடக்கவில்லை. இப்போது, பொழுது சாய்ந்து காற்றே இல்லாத நேரத்தில், சுற்றுகிறது.

"ஏனுங்க, காத்தாடி நிக்கற அந்தக் கம்பத்தை மாத்துங்கன்னு எத்தனை தடவை சொல்றது?" மயிலாத்தாள் பால் செம்போடு வெளியே வந்தாள். "உழுந்த ஆளை எடுக்காத கெணத்துல கவலைக்காலைப் புடுங்கிக் கம்பமா நடுவாங்களா?"

"நல்ல வாகை மரம். ஆயில் இஞ்சின் வந்தப்புறம் சும்மாதானே நின்னுச்சு. உங்கப்பன் ஊட்டுல இருந்து வேற மரம் வருமா?"

"அங்கப்பன் இன்னும் மேல வரலீங்க."

மாடு பூட்டிக் கவலையில் நீர் இறைத்த அங்கப்பன், நீர் மொள்ளும் தோல் சால் சிக்கியபோது எடுத்துவிடக் குனிந்தவன், சாலோடு கிணற்றுக்குள் போனான். சேற்றில் மூன்று பேர் இறங்கித் தேடியும் உடல் கிடைக்கவில்லை.

"பாப்பாவைப் பாத்துக்குங்க. கறந்துபோட்டு வாரேன்." அவள் தொழுவத்துக்குப் போனாள்.

அவன் உள்ளே வந்து காற்றாடியின் பிரேக் கம்பியை இழுத்தான். நிற்கவில்லை. கம்பத்தை முடுக்கியிருந்த உத்தரம் முனகியது; அதே உத்தரத்தில்தான் குழந்தையின் தூளி தொங்கியது. முனகல் நீண்டு, நின்று, திரும்பத் தொடங்கியது. கவலை இறைக்கும் அந்தத் தாளம் அவனுக்குத் தெரியும். மாடுகள் சரிவில் இறங்கும், வடம் விறைக்கும், உருளை அழும், கீழிருந்து கனம் ஏறி வரும்.

ஊறிய தோலின் வாடை. பாசி. பழைய சேறு.

மறுபடி இழுத்தான். கம்பி அறுந்து கையோடு வந்தது.

"மயிலா."

தொழுவத்தில் மாட்டுமணி மட்டும் கேட்டது.

இத்தனை நாள் எரியாத பல்பு மெல்லச் சிவந்தது. மஞ்சளானது. பளீரென்று எரிந்தது. தூளி தரையைத் தொடுமளவு இறங்கியிருந்தது. அடித்துணி கறுத்து, தண்ணீர் சொட்டியது.

மேலே சுற்றல் நின்றது.

உள்ளே குழந்தை சிரித்தது. தூளியின் விளிம்பை, உள்ளிருந்தே, ஊறி வெளுத்த ஒரு பெரிய கை பிடித்திருந்தது.