தலைகீழ்க் கிளாப்

காலை 11:22. அடுகோடி. படப்பிடிப்புக்கு வாடகைக்கு எடுத்த பழைய லேத் பட்டறை. தரையெல்லாம் மேடும் பள்ளமும். டைரக்டர் "கட்" சொன்ன மறுநொடி நாலாம் நம்பர் லைட் ஸ்டாண்டோடு சரிந்தது. கீழே துணை நடிகை வனஜா. ஆம்புலன்ஸ் வருவதற்குள் உயிர் போய்விட்டது.

லைட் சாயாமல் இருக்க ஸ்டாண்டின் காலில் எப்போதும் ஒரு மணல் பை கிடக்கும். அந்தப் பை அங்கே இல்லை.

11:50. இன்ஸ்பெக்டர் கோவிந்தப்பா வந்ததும் தயாரிப்பாளரின் மகன் சுனில் உட்கார்ந்தபடியே மொபைலை நீட்டினான். பிணத்தை எடுத்துப் போகும்போதுகூட நாற்காலியை விட்டு எழாத பிள்ளை. மானிட்டரைச் சுற்றித் தொங்கிய கறுப்புத் துணி அவன் முழங்காலிலிருந்து தரைவரை மூடியிருந்தது.

"ஸ்டேட்டஸ் போட எடுத்த போட்டோ சார், 11:21க்கு. கிளாப் அடிக்கிறாங்க, ஷாட் ஆரம்பம். பின்னாடி ஸ்டாண்டு காலப் பாருங்க, பை இல்ல. லைட்மேன் போடவே மறந்துட்டான். கிளாப் பலகையக்கூட தலகீழாப் பிடிச்சிருக்காங்க. இந்த யூனிட்டு லட்சணம் அப்படி."

லைட்மேன் கார்த்திகேசன் தினமும் கோலார் தங்கவயலிலிருந்து ரயிலேறி வருகிறவன். "போட்டேன் சார். செவப்பு பெயின்ட்ல நாலுன்னு எழுதின பை."

"நட, ஸ்டேஷன்ல போய் மாத்தாடலாம், பேசலாம்," என்றார் கோவிந்தப்பா கன்னடம் கலந்து.

யூனிட்டில் முப்பது பேர். அந்தப் படம் கை கையாகச் சுற்றியது. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எந்த ஷாட்டில் எது எங்கே எப்போது இருந்தது என்று பதினாறு வருஷமாகக் கன்டின்யூட்டி நோட்டு எழுதுகிற ரஞ்சிதமும் அதைப் பார்த்தாள். தயாரிப்பாளரின் மகனைப் பகைத்துக்கொண்டால் இன்னொரு படம் யார் தருவார்கள்? அவளும் நோட்டை மூடி வைத்துக்கொண்டாள்.

12:20. வாக்குமூலம் எழுதி முடித்த போலீஸ்காரர் கார்த்திகேசனின் காலரைப் பிடித்தார். அதற்குமேல் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"சார், அது ஆரம்பக் கிளாப் இல்ல. ஆரம்பத்துல அடிக்காம விட்டா, ஷாட் முடிஞ்சதும் அடிப்பாங்க. கடைசியில அடிச்சதுன்னு எடிட்டருக்குத் தெரியத்தான் தலகீழாப் பிடிக்கிறது. எல்லா யூனிட்லயும் இதான் வழக்கம்."

கோவிந்தப்பா மொபைலை மறுபடி வாங்கிப் பார்த்தார்.

"சரி மேடம், அதனால என்ன?"

"கேமரா ஓட ஆரம்பிச்சது 11:10க்கு. அப்பவே லைட்மேனுங்கள வெளிய அனுப்பி பட்டறை வாசல் ஷட்டர இறக்கியாச்சு. டைரக்டர் அவசரத்துல கிளாப் இல்லாமலே ஆக்‌ஷன் சொல்லிட்டாரு. மொதல் தடவ சரியா வரல, கேமராவ நிறுத்தாம இன்னொரு தடவ எடுத்தோம். கடைசியில ஒரே கிளாப். என் நோட்டுல இருக்கு."

"11:10க்கு பை இருந்துச்சுன்னு யார் சொல்றது?" என்றார் கோவிந்தப்பா.

ரஞ்சிதம் சவுண்ட் ரெக்கார்டிஸ்ட் கிளிஃபர்டைப் பார்த்தாள். "அண்ணே, போட்டுக் காட்டுங்க."

கிளிஃபர்ட் தயங்கித் தயங்கிப் பொத்தானை அழுத்தினார். முதல் தடவை வசனத்துக்கு நடுவே கிரீச் கிரீச். பிறகு டைரக்டரின் குரல், "யாருய்யா அது நாற்காலிய ஆட்டறது? கட் பண்ணாதீங்க, மறுபடி போலாம்." இரண்டாம் தடவை அந்தச் சத்தமே இல்லை.

"ஆடின நாற்காலி நடுவுல எப்படி நின்னுச்சு? ஷட்டர் தொறக்கவே இல்ல சார். உள்ள இருந்தவங்கதான் பைய எடுத்திருக்கணும். சுனில் சார், கொஞ்சம் எழுந்திரிங்க."

சுனில் எழவில்லை. கோவிந்தப்பா கறுப்புத் துணியை விலக்கினார். நாற்காலியின் ஒரு காலுக்கடியில் மணல் பை. சிவப்பு பெயின்ட்டில் 4.

"அஞ்சு நிமிஷத்துக்குத்தான் எடுத்தேன்," என்றான் சுனில். நாற்காலி ஆடுகிறதாம். அதற்கு ஒரு பெண்ணின் உயிர்.

காலரைப் பிடித்த கை விலகியது. கார்த்திகேசன் நன்றி சொல்ல வருகிறான் என்றுதான் ரஞ்சிதம் நினைத்தாள்.

"தலகீழ்க் கிளாப்புன்னா என்னன்னு இங்க எல்லாருக்கும் தெரியும் இல்லக்கா?"

கிளிஃபர்ட் ஹெட்போனைத் துடைக்க ஆரம்பித்தார்.

"தெரியும்," என்றாள்.

"நீ அந்தப் படத்த எத்தன மணிக்குப் பாத்த?"

ஒரு நிமிஷம் பிசகாமல் குறித்து வைப்பதுதான் அவள் தொழில்.

"பதினொன்னு அம்பதுக்கு," என்றாள். அவன் வேறொன்றும் கேட்காமல் வெளியே போனான்.