அடித்தட்டுக் கதவு

மாடல் டாங்க்கின் பீரங்கிக் குழல் நேர் முன்னால் பார்க்கும்படி வைத்துத்தான் அவள் ஒட்டியிருந்தாள். பசை காய்ந்ததும் விரலால் தள்ளிக்கூடப் பார்த்தாள், அசையவில்லை. சாப்பிட்டு, அம்மாவுக்கு ஊட்டி, பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு வந்து மேஜை விளக்கைப் போட்டால், குழல் இடப்பக்கம் திரும்பி, ஓட்டுநர் ஏறி இறங்கும் மூடிக்கு நேர் மேலே நின்றிருந்தது.

முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல்.

"அம்மா, டாங்க்கை யாராவது தொட்டாங்களா?"

இடுப்பு எலும்பு முறிந்து கட்டிலோடு கிடக்கும் அம்மா பக்கத்து அறையிலிருந்து குரல் கொடுத்தாள். "வீட்ல இருக்கிறதே நீயும் நானும். நான் எங்கடி எழுந்து வரப்போறேன்? கேக்குற கேள்வியப் பாரு."

வெளியே காலையிலிருந்து விடாத மழை. மதியமே பொழுது சாய்ந்ததுபோல் அறை மங்கிக் கிடந்தது. பல் மருத்துவர்களுக்குப் பல் செட் செய்து கொடுப்பது அவள் பிழைப்பு. ஜன்னலோரத் தட்டில் பிளாஸ்டரில் வார்த்த தாடைகள் வரிசையாக வாய் பிளந்து உட்கார்ந்திருந்தன. அதே மேஜை, அதே உருப்பெருக்கி, அதே மெல்லிய கத்திகளைக் கொண்டுதான் டாங்க் மாடல்களையும் செய்வாள். அந்தப் பைத்தியத்தை அவளுக்குத் தொற்றவைத்தவன் அண்ணன். பிறகு அவன் நிஜ டாங்க்கை ஓட்டப் போனான். இவள் முப்பத்தைந்தில் ஒரு பங்கு அளவு மாடல்களோடேயே நின்றுவிட்டாள். போன வருடம் அவன் அந்த டாங்க்குக்குள்ளேயே எரிந்து போனான்.

படைப்பிரிவு ஒரு நினைவுக்கூடம் திறக்கிறது, அதில் வைக்க அவன் ஓட்டிய டாங்க்கின் மாடல் வேண்டும் என்று அவனுடைய மேஜர் கேட்டபோது, அம்மா முகத்தைப் பார்த்துத்தான் அவள் சரி என்றாள். இன்று காலை அந்த மனிதர் வேலையைப் பார்வையிட வந்தார். மாடலைத் தலைகீழாகத் திருப்பினார். உதட்டைப் பிதுக்கினார்.

"இது பழைய வகைம்மா. எங்ககிட்ட இருந்தது புதுசு. அடியில கதவு இருக்கணுமே?"

வெளியே பார்த்தால் இரண்டு வகையும் இரட்டைப் பிள்ளைகள். பழையதில் முன்விளக்கு இரண்டும் ஒரே பக்கம், புதியதில் பக்கத்துக்கு ஒன்று. பழையதில் புகைக்குண்டுக் குழல்கள் கிடையாது. ஆனால் பெரிய வித்தியாசம் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. புதியதில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், வண்டியின் அடித்தட்டில், ஆள் நுழையும் அளவுக்கு ஒரு தப்பிக்கும் கதவு. பழையதில் அது கிடையாது.

அவள் அண்ணன் அனுப்பிய கடைசிப் போட்டோவை நீட்டினாள். அவன் டாங்க் மேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். கீழே, ஒரே பக்கத்தில், இரண்டு விளக்குகள்.

"பழசுதான் சார்."

"அது பயிற்சி வண்டி. அன்னைக்கு அவன் ஓட்டினது புதுசு. வழி இருந்தது, நேரம்தான் இல்ல. நொடியில போயிட்டான். வலியே தெரிஞ்சிருக்காது." கடைசி வாக்கியத்தை அவர் திறந்திருந்த அம்மாவின் அறைப் பக்கம் திரும்பிச் சற்று உரக்கச் சொன்னார்.

"அதான் சாமி எனக்கு ஆறுதல்," என்றாள் அம்மா.

அந்த ஒரு வார்த்தைக்காக அவள் வாயை மூடிக்கொண்டாள். அவளுக்கு உண்மை தெரியும். அடக்கத்தன்று, அந்த டாங்க்கிலிருந்து மேல்வழியாகத் தப்பிய பீரங்கிக்காரன் முட்டக் குடித்துவிட்டு வந்து, வாசல் தாண்டாமல் அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான். "அடிபட்டதும் குழல் அவன் மூடி மேல வந்து மாட்டிக்கிச்சும்மா. திறக்க முடியல. பழைய வண்டி, அடியில கதவும் கிடையாது. தட்டிக்கிட்டே இருந்தான். ரொம்ப நேரம் தட்டிக்கிட்டே இருந்தான்."

பழைய வண்டியில் அனுப்பிக் கொன்றுவிட்டு, செத்தவனுக்கு மாடலில் கதவு வைக்கச் சொல்கிறார்கள். மேஜர் போன பிறகு, அவரை வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே, அடித்தட்டில் கத்தி முனையால் ஒரு செவ்வகம் கீறினாள். முனைகளை மழுக்கினாள், கீல் வைத்தாள், கைப்பிடி ஒட்டினாள். வெளியே பார்த்தால் அசல் கதவு. உள்ளே வெறும் சுவர். பிறகு மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் சேர்த்து ஒட்டி மூடினாள்.

இப்போது அவள் குழலைப் பிடித்து வலுவாகத் திருப்பினாள். பசை நொறுங்கியது. நேராக வைத்து மறுபடி ஒட்டி, தூரிகை கழுவத் திரும்பினாள். கிண்ணத்தில் தண்ணீர் கறுப்பதற்குள் முதுகுக்குப் பின்னால் மெல்லிய ஓசை, பல்லோடு பல் உரசுவதுபோல. திரும்பினாள்.

குழல் மூடி மேல் நின்றது.

வாடை அதன் பிறகுதான் வந்தது. பல் செட் ராவிய தூள் சூடானால் வரும் வாடை என்று முதலில் நினைத்தாள். ஆனால் அதில் டீசல் இருந்தது. கருகிய ரப்பர் இருந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், அடுப்பில் முடி விழுந்தால் வருமே, அது இருந்தது.

டாங்க்குக்குள் யாரோ தட்டினார்கள்.

நகத்தால் தட்டுவதுபோல் சின்னச் சத்தம். மூடிக்கு அடியிலிருந்து. நின்றது. மறுபடி தட்டியது. கையில் எடுத்தாள். பிளாஸ்டிக் வெதுவெதுப்பாக இருந்தது, காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி. தட்டல் மூடியை விட்டு நகர்ந்தது. தடவித் தடவிப் பின்னால் போனது. கீழே இறங்கியது.

அவள் மாடலைத் தலைகீழாகத் திருப்பினாள்.

காலையில் கீறிய கோட்டின் மேலேயே சத்தம் வந்தது. தட்டல் இல்லை, பிறாண்டல். ஒரு முனையில் தொடங்கி, கோட்டோடு ஓடி, முனையில் திரும்பி, செவ்வகத்தைச் சுற்றிச் சுற்றி. உள்ளே இருப்பது அதைக் கதவென்று நம்பிவிட்டது.

"டேய்," என்றாள். "அது கதவு இல்லடா. பொய்டா. அந்த ஆளு சொன்ன பொய்."

பிறாண்டல் வேகமானது.

அவளுக்குள் அன்றுவரை விழுங்கிய கோபமெல்லாம் கைக்கு வந்தது. கத்தியை எடுத்தாள். கோட்டிலேயே வைத்து அழுத்தினாள். இழுத்தாள், திருப்பினாள், இழுத்தாள். செவ்வகத் துண்டு உள்ளே விழுந்தது. துளையிலிருந்து சூடான மூச்சு அவள் மணிக்கட்டில் பட்டது.

எல்லாச் சத்தமும் நின்றது.

மாடலை நிமிர்த்தி, மேஜை மேல் விரித்திருந்த வெள்ளைத் தாளில் வைத்தாள். நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, வாய்விட்டு அழுதாள். போய்விட்டான். வெளியே வந்துவிட்டான். அவ்வளவுதான்.

கண்ணைத் திறந்தபோது தாளில் கரும்புள்ளிகள் தெரிந்தன. டாங்க்குக்கு அடியிலிருந்து இரண்டு இரண்டாக. உருப்பெருக்கியைப் பிடித்தாள்.

கைகள். ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கைகள். கால் தடம் இல்லை. கைகளுக்கு நடுவே எதையோ இழுத்துக்கொண்டு போன கரிக்கோடு மட்டும்.

தாளின் ஓரத்தில் அவை கடுகளவு இருந்தன. மேஜை விளிம்பில் புளியங்கொட்டை அளவு. மேஜைக் காலோடு இறங்கி, தரையில் கைக்குழந்தையின் கை. அறை நடுவில் பள்ளிப் பிள்ளையின் கை. நிலைப்படியில், விரல்நுனித் தோல் ஒட்டியிருந்த ஒரு முழு ஆணின் கை.

வாசல் பக்கம் போகவில்லை. ஊரை விட்டுத் தப்பவில்லை. மேஜரைத் தேடவும் இல்லை. வளைந்து அம்மாவின் அறைக்குப் போயிருந்தது.

எப்போதும் திறந்தே கிடக்கும் கதவு சாத்தியிருந்தது.

"அம்மா!"

கைப்பிடியைப் பிடித்தாள். உள்ளங்கை பொசுங்கியது. அலறிக்கொண்டு விட்டாள்.

உள்ளே அம்மாவின் தூக்கக் கலக்கக் குரல். "யாரது?" கட்டில் சட்டம் கிரீச்சிட்டது. கனமான ஒன்று தன்னை இழுத்து மேலே ஏற்றிக்கொள்ளும் சத்தம். பிறகு அதே குரல், ஒரு வருடமாக அவள் கேட்டிராத, மனம் குளிர்ந்த குரல்.

"வந்துட்டியாப்பா?"

"அம்மா, தொடாதே! தள்ளிப் படும்மா! தொடாதே!"

தோளால் இடித்தாள். மறுபடி இடித்தாள். தாழ்ப்பாளே இல்லாத கதவு. அசையவில்லை.

"ஏன் கண்ணு," என்றாள் அம்மா உள்ளே, "கையெல்லாம் இப்படிச் சுடுது?"

கதவின் அடி இடுக்கில் செம்மஞ்சள் வெளிச்சம் படர்ந்தது. தட்டல் தொடங்கியது. உள்ளேயிருந்து. அவள் முகத்துக்கு நேரே கதவின் வெள்ளைப் பெயிண்ட் கொப்பளித்து உப்பியது. விரல் விரிந்த ஒரு பெரிய உள்ளங்கை. அதன் பக்கத்தில் இன்னொன்று.

அப்புறம், அவற்றுக்குக் கொஞ்சம் கீழே, மெலிந்த ஒரு சின்னக் கை. அது தட்டியபோது மட்டும் வளையல் சத்தம் கேட்டது.